என்னைப் பற்றிய சொற்பொழிவு

அப்பா இறந்த அன்று நான் இரண்டு பரீட்சை எழுதினேன். காலையில் கணக்கு, பிற்பகல் சரித்திரம்.

அந்த நாளைப் பற்றிப் பிற்பாடு இன்னொருவர் ஊர் ஊராகப் பேசினார். பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துக்கொண்டு பேசினார். அவர் பேச்சில் வந்த நாளும் நான் இருந்த நாளும் ஒன்றல்ல. அதனால் முதலில் நான் இருந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தில், மணலை ஒட்டிய வரிசையில் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கட்டுமரத்தில் போவார்கள். அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரத் தெருக்களில் விற்றுவருவாள். எங்கள் வரிசையில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போன பெண் நான்தான். அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எனக்குப் பின்னால் பிள்ளைகள் பிறக்கவில்லை, தூக்கி வளர்க்கத் தம்பி தங்கை இல்லை. என்னை யாரும் நிறுத்தவில்லை, நான் போய்க்கொண்டே இருந்தேன்.

அந்தப் பங்குனியில் கடல் அமைதியாகத்தான் இருந்தது. கட்டுமரம் கரையேறும்போது அலையடியில் புரண்டு, அப்பாவின் தலையில் மோதியது. காலை ஏழரை, எட்டு மணி இருக்கும். நான் வாசலில் தலைபின்னிக்கொண்டிருந்தேன். நாலு பேர் அவரைத் தூக்கிவந்து பாயில் கிடத்தினார்கள். சித்தப்பா தன் ஈர வேட்டியை அவிழ்த்து அப்பாவின் முகத்தின் மேல் போட்டார். "இப்ப யாரும் பாக்க வேணாம். கட்டு போட்டுட்டு அப்பறமா தொறக்கலாம்" என்றார்.

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அழுகைச் சத்தம் வீட்டுக்குள் ஏறிக்கொண்டே வந்தது. நான் பின்னலின் மிச்சத்தைப் பின்னி ரிப்பன் கட்டினேன். பிறகு பேனாவையும் பரீட்சை நம்பர் எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"பரீட்சை இருக்குது" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. "போ, இங்க இருந்து இன்னா பண்ணப் போற" என்றாள்.

கடற்கரைச் சாலையோடு நடந்து பள்ளிக்கூடம் போனேன். கணக்குப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப் போய் வர நேரம் இருந்தது. போகவில்லை. பூவரச மரத்தடியில் உட்கார்ந்து சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்தில் இருந்தவள் தயிர்ச்சாதம் கொடுத்தாள், வாங்கித் தின்றேன். அப்பா இறந்துவிட்டார் என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. பிற்பகல் பரீட்சையும் எழுதிவிட்டுத் திரும்பியபோது வீட்டு வாசல் கழுவிவிடப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அன்று எனக்கு மனஉறுதி இருந்ததாக நினைவில்லை. உடம்பு ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. காது கேட்டது, கை எழுதியது. வேறு எதுவும் இல்லை.

அந்த ஆண்டு நான் நல்ல மார்க்கில் தேறினேன். எங்கள் தலைமையாசிரியையை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு சர்க்கார் மாறி மூன்று வருஷம் ஆகியும் அந்த வார்த்தை மாறவில்லை. மதாம் என் கதையை யாரிடமோ சொல்ல, அது பேச்சாளரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

பேச்சாளர் என்றால் அந்த நாளில் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. நாற்பது வயது இருக்கும். வெள்ளை ஜிப்பா, கையில் மடித்த கைக்குட்டை, ஒரு பழைய சைக்கிள். வெள்ளைக்காரர்கள் போன புதிதில் ஊரில் படிப்பகங்களும் மன்றங்களும் நிறைய வந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்காவது ஒரு பெஞ்சைப் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, கூட்டம் நடத்துவார்கள். இளைஞர்கள் படிக்க வேண்டும், நம்பிக்கையோடு இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் பேசுவார். ஒரு தம்ளர் சோடாவைத் தவிர எதுவும் வாங்கமாட்டார். பத்து வயதில் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி மில்லுக்கு அனுப்பினார்களாம். மீசை முளைத்த பிறகு ராத்திரிப் பள்ளியில் சேர்ந்து படித்து வேலைக்கு வந்தவர். இதை அவர் மேடையில் சொன்னதில்லை. ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது என்னிடம் சொன்னார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ண மேடைல உக்கார வெச்சு நாலு வார்த்தை பேசணும்மா" என்றார்.

"பேசினா இன்னா ஆவும்?"

"இவளப் பாத்து இன்னும் நாலு பொண்ணுங்க படிக்கும்."

அம்மா கூடையைக் கவிழ்த்து வெயிலில் வைத்தாள். "பொழுதோட கொண்டாந்து வுட்டுடுங்க" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த நாட்களில் எது கேட்டாலும் சரி என்று சொன்னேன்.

முதல் கூட்டம் முத்தியால்பேட்டையில் ஒரு படிப்பக வாசலில். மதாமும் கூட வந்திருந்தார். பேச்சாளர் அரை மணி நேரம் பொதுவாகப் பேசிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "இந்தப் பிள்ளையின் அப்பனை அலை கொண்டுபோனது. அறிவை அந்த அலையால் கொண்டுபோக முடிந்ததா? பெற்றவர் பிணமாய்க் கிடக்க, பேனாவைப் பிடித்தவள் இவள்" என்றார். கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் காலடியில் ஒலிபெருக்கியின் கம்பி சுருண்டு கிடந்தது. அதன் மேல் ஒரு எறும்பு வரிசை போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் பலர் வந்து என் கன்னத்தைத் தொட்டார்கள். ஒரு கிழவர் என் காலில் விழப் போனார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு கூட்டமாவது இருக்கும். முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தேங்காய்த்திட்டு, வில்லியனூர். ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு கொஞ்சம் வளர்ந்தது. முதலில் ஒரு சிம்னி விளக்கு வந்து சேர்ந்தது, நான் அந்த வெளிச்சத்தில் விடிய விடியப் படித்ததாக. பிறகு கிழிந்த ஒற்றைத் தாவணி வந்தது. நாலாவது கூட்டமோ ஐந்தாவது கூட்டமோ, அப்பா கடைசி மூச்சில் என் கையைப் பிடித்து, "மகளே, என்ன ஆனாலும் பரீட்சையை விடாதே" என்று சொன்னார்.

அன்று திரும்பும்போது அவரிடம் சொன்னேன். "எங்க அப்பா அப்படி ஒண்ணும் சொல்லலைங்க ஐயா. அவரு காலைல கெளம்பறப்ப நான் தூங்கிக்கினு இருந்தேன்."

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "மனசுக்குள்ள நெனச்சிருப்பாரும்மா. பெத்தவங்க நெனைக்கிறத நாம சொல்றோம், அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது பொய் என்று எனக்கு உறைக்கவில்லை. மேடையில் அவர் சொல்லும் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். அவளுக்குத் துக்கம் இருந்தது, அதை அடக்கிக்கொண்டு எழுதினாள். எனக்கு அடக்குவதற்கு எதுவும் இருக்கவில்லை. அப்பாவைப் பற்றி நினைத்தால் ஈர வேட்டி மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

ஒருமுறை எங்கள் குப்பத்திலேயே கூட்டம் நடந்தது. நடந்ததெல்லாம் தெரிந்தவர்கள் முன்னால் அவர் எப்படிப் பேசப் போகிறாரோ என்று இருந்தது. அதே பேச்சைத்தான் பேசினார், கடைசி மூச்சு உட்பட. கட்டுமரத்தின் அடியிலிருந்து அப்பாவை இழுத்துப் போட்ட சித்தப்பா முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். யாரும் எழுந்து மறுக்கவில்லை. அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள்: "யாரோ ஒருத்தியோட வூட்டுக்காரரப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு. அந்தாளு நல்லவரா இருந்திருப்பாரு போல."

அவள் வேடிக்கையாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

இதற்கிடையில் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். அதற்கு விண்ணப்பம் வாங்கி வந்தது, நிரப்பியது, மதாமிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கியது எல்லாம் பேச்சாளர்தான். அந்த உதவியை நான் மறக்கவில்லை. பயிற்சி முடிந்து நகரத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்தேன். இப்போது பேச்சில் ஒரு முடிவும் சேர்ந்துவிட்டது. "இன்று அவள் ஓர் ஆசிரியை" என்று அவர் சொன்னதும் கைதட்டல் வரும். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்காருவேன்.

தேங்காய்த்திட்டில் இரண்டாம் முறை கூட்டம் நடந்தது அப்பா இறந்து மூன்று வருஷம் கழித்து. உப்பங்கழிப் பக்கம் தோணிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்தில் மேடை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் வந்தாள். பதினேழு வயது இருக்கும். பச்சைப் பாவாடை, நெற்றியில் பொட்டில்லை.

"அக்கா, என்னைய உங்களுக்குத் தெரியாது. போன தடவ இங்க நீங்க வந்தப்ப நான் முன்னால உக்காந்திருந்தேன்" என்றாள்.

"படிக்கிறியா?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கும் கேள்வி அது.

"பாஸ் ஆயிட்டேன். உங்கள மாதிரியே பண்ணேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"எங்க அம்மாவ மஞ்சக்காமாலைன்னு பெரியாஸ்பத்திரில சேத்திருந்தாங்க. பரீட்சை அன்னிக்குக் காலைல பாக்கப் போனேன். அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, இன்னிக்கி எங்கூட இருந்துடுன்னாங்க. நான் உங்கள நெனச்சிக்கிட்டேன் அக்கா. கைய எடுத்துட்டு, வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். எழுதிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. என்னையக் கேட்டுக்கினே இருந்தாங்களாம்."

நாற்காலி எடுப்பவர்களுக்கு வழிவிட்டு நாங்கள் ஒரு தோணியின் ஓரமாக நகர்ந்தோம்.

"உங்களுக்கு எப்ப அழுகை வந்துச்சு அக்கா? ஒரு மாசத்துலயா, ஆறு மாசத்துலயா? எனக்கு இன்னும் வரல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

"எனக்கும் வரல" என்றேன்.

"மூணு வருசமாவா?"

"ஆமா."

அவள் என்னையே பார்த்தாள். அவள் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. வழி கேட்டுத்தான் வந்தாள். முன்னால் போனவளிடம் கேட்டால் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். நான் எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். "என்னிக்கு வேணா வா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படியில் கருவாட்டைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா மொகம் எப்படிம்மா இருந்துச்சு?"

அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "ஒரு பக்கம் வீங்கி இருந்துச்சு. இன்னொரு பக்கம் எப்பவும் போலத்தான். காதுல மணலு. நான்தான் துணிய நனைச்சுத் தொடச்சேன். வாய மூடவே முடியல." கருவாட்டைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, "நீ கேப்பன்னு நெனச்சேன். அப்பறம் விட்டுட்டேன்" என்றாள்.

சாப்பிட்டோம். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் ஈர வேட்டிக்கு அடியில் ஒரு முகம் இருந்தது, அதில் ஒரு பக்கம் எப்பவும் போல இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கூட்டம் முதலியார்பேட்டையில், மில் தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவில் இருந்த மைதானத்தில். போகும் வழியிலேயே பேச்சாளரிடம் தேங்காய்த்திட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"நான் நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்" என்றார்.

"ஆமாங்க ஐயா. இன்னிக்கி நானே பேசறேன்."

மூன்று வருஷத்தில் நான் மேடையில் வாய் திறந்ததில்லை. அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கூட்டத்தைத் தொடங்கிவைத்து, வழக்கமான நீளத்தில் பாதிகூடப் பேசாமல், "இவங்களே சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றேன். வகுப்பில் சொல்லுவது போலத்தான் சொன்னேன். "எங்க அப்பா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. வீட்டுல இருக்க முடியாம நான் பரீட்சைக்குப் போனேன். அன்னிக்கி எனக்கு ஒண்ணும் தெரியல, மரத்துப் போயிருந்துச்சு. மத்தியானம் வீட்டுக்குப் போயிருக்கலாம், போகல. அவரு மொகத்தப் பாக்கல. அது சரின்னு நீங்க யாரும் நெனைக்காதீங்க. பரீட்சை ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப வரும். வீட்டுல யாராச்சும் இருன்னு சொன்னா, இருங்க. அதுக்கப்பறம் படிங்க. படிக்கணும்தான்."

வேறு சொல்ல எதுவும் இல்லாததால் நிறுத்திவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. கூட்டம் ஏற்பாடு செய்தவர் அவசரமாக எழுந்து நன்றி சொல்லி முடித்துவிட்டார். கலைந்து போகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். மூன்று வருஷமாக என் கன்னத்தைத் தொட்டவர்களில் யாரும் அன்று அருகில் வரவில்லை. ஏமாந்துபோனார்கள் என்று தெரிந்தது. அதுவும் எனக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

திரும்பும்போது பேச்சாளர் என் கூடவே நடந்தார். பெரிய வாய்க்கால் தாண்டியதும், "இனிமே அதச் சொல்ல மாட்டேம்மா" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணப் பத்தி நீ சொன்னப்ப, எத்தன ஊருல சொன்னேன்னு நெனச்சுப் பாத்தேன்" என்றார். வீட்டு முனையில் என்னை விட்டுவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அவர் வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றினார். தன்னைப் பத்து வயதில் மில்லுக்கு அனுப்பிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். அதில் அவ்வளவு கண்ணீர் வராதாம். கூட்டமும் குறைந்தது. ஒரு வருஷம் கழித்து, என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, வில்லியனூரில் ஒருவர் பேசியதைக் கேட்டதாகவும், அப்பா செத்த அன்றைக்குப் பரீட்சை எழுதிய பெண்ணைப் பற்றி அவர் சொன்னபோது அழுதுவிட்டதாகவும் சொன்னாள். அது அவர்தானா, அவரிடம் கேட்டுச் சொல்லும் வேறொருவரா என்று நான் விசாரிக்கவில்லை. அந்தப் பெண் நான் என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

தேங்காய்த்திட்டுப் பெண் இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிறகு அடிக்கடி வந்தாள். அம்மாக்களைப் பற்றியும் அப்பாக்களைப் பற்றியும் நாங்கள் அதிகம் பேசவில்லை. தாதிப் பயிற்சிக்குச் சேரலாமா என்று கேட்டாள். விண்ணப்பம் வாங்கித் தந்தேன், மதாமிடம் கடிதம் வாங்கினேன். அவளை அதே பெரியாஸ்பத்திரியில்தான் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், போனாள். சேர்ந்து சில வாரம் இருக்கும், ஒரு சாயங்காலம் கண்கள் வீங்கிப்போய் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு பாட்டிக்கு ஊசி போட்டுட்டு நகர்ந்தேங்க்கா. சும்மா கையப் புடிச்சுது. ரெண்டு நிமிஷம் இருடின்னுச்சு. இருந்தேன். அப்படியே வந்துருச்சு. வார்டுல எல்லாரும் பாக்கறாங்க, நிறுத்த முடியல" என்றாள்.

அம்மா அவளுக்குச் சோறு போட்டாள். அவள் சாப்பிட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுதாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்துப் பொறாமை என்று சொல்லும் அளவுக்குக்கூட எனக்குள் எதுவும் அசையவில்லை. நல்லது என்று மட்டும் தோன்றியது.

பிரெஞ்சுக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம் முடிவாகி, நாங்கள் இனி முழுக்க இந்தியா என்று ஊரெல்லாம் கொடி கட்டிய அந்த வருஷம், நான் வேலை பார்த்த பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "நீங்க மேடைப் பேச்செல்லாம் பழகினவங்களாமே, ஊக்கம் கொடுக்கிற மாதிரி நாலு வார்த்தை பேசுங்க" என்றார். சரி என்றேன்.

எதிரில் மில் வேலைக்காரர்களும் மீன்காரப் பெண்களும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது முடித்தவர்களை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், உதவித்தொகை விண்ணப்பத்தை எந்த ஆபீஸில் வாங்க வேண்டும், அதோடு என்னென்ன காகிதம் வைக்க வேண்டும், பிறந்த பதிவு இல்லையென்றால் நகராட்சி ஆபீஸான மேரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்னிடம் வந்தால் நிரப்பித் தருகிறேன் என்றேன். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தலைமையாசிரியைக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், கூடையை மடியில் வைத்தபடியே கேட்டாள்.

"அந்த ஆபீசு எத்தினி மணிக்குத் தொறப்பாங்க டீச்சர்? ஏவாரம் முடிச்சுட்டு வர்ற மாதிரி இருக்குமா?"

"பத்து மணிக்குத் தொறப்பாங்க. மத்தியானம் மூடிட்டு மறுபடி மூணு மணிக்கு. நீங்க மூணு மணிக்கே போங்க" என்றேன்.